முறைக்குப் போனவன்

அழுகின இஞ்சியின் நாற்றம் மூக்கோடு நிற்காது. தொண்டைக்குள் இறங்கிக் காரமாக உட்கார்ந்துகொள்ளும். சோற்றை அள்ளி வாயில் போட்டாலும் முதலில் அதுதான் நாக்கில் தட்டும். நஞ்சன்கூடு ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்த இஞ்சி யார்டுக்கு வேலைக்கு வந்த புதிதில் ரங்கம்மா தினமும் வாந்தி எடுத்தாள். அப்புறம் பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். பழகவில்லை. வாந்தி எடுக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

குண்டலுபேட்டைப் பக்கமிருந்து செம்மண் அப்பிய இஞ்சி லாரியில் வரும். மூட்டையை அவிழ்த்துக் கம்பிவலைத் தட்டில் கொட்டி, ஆண்கள் மோட்டார் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். பெண்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காலால் புரட்டி, கையால் அழுகலைப் பொறுக்கி எறிவார்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டால் சாயங்காலம் கால் வெந்த கிழங்கு மாதிரி வெளுத்து வரும். மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. எறிந்ததெல்லாம் யார்டுக்குப் பின்னால் உள்ள குழியில் விழுந்து, மண்ணும் தண்ணீருமாகச் சேர்ந்து, கொதிக்காமலே நுரைத்துக்கொண்டு கிடக்கும். குழிக்கு அந்தக் கரையில் லைன் வீடுகள். இருக்கிறவர்கள் எல்லாரும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். காட்டில் மழை பொய்த்து, போர்வெல்லில் புழுதி வந்த பிறகு கிளம்பி வந்தவர்கள்.

அன்றைக்கு விடியலிலிருந்து தூறல். ரங்கம்மா பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது மகன் உமேஷ் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். ஐ.டி.ஐ. முடித்து நஞ்சன்கூட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். இனி நிரந்தரம் பண்ணுகிறோம், போலீஸ் சர்டிபிகேட் ஒன்று வாங்கி வா என்று சொல்லியிருந்தார்கள். அந்த லைனிலிருந்து கம்பெனி சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். கழுவித் துவைத்த அந்த நீலச் சட்டையைக் குழிக் காற்று படாமல் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போடுவாள் ரங்கம்மா.

"ஏன்டா கண்ணு, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கற?"

"சர்டிபிகேட் இல்லேன்னுட்டாங்கம்மா. என் மேல கேஸு இருக்குதாம்."

"கேஸா? நீ எவ கையப் புடிச்சு இழுத்தே?"

"தமாஷ் பண்ணாதம்மா. மெசேஜ் வந்திருக்குது. வெரிஃபிகேஷன்ல கேஸ் பாக்கி, சர்டிபிகேட் கொடுக்கறதுக்கு இல்லேன்னு."

உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த காளிதாஸ் தலையைத் தூக்கினான். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போன ஆள். பாதி நாள் வேலை, பாதி நாள் கட்டில். "வேற எவனாச்சும் உமேஷா இருப்பான். மைசூர்ல உமேசுக்கா பஞ்சம்? கல்லெறிஞ்சா ரெண்டு உமேஷ் மேல படும்."

"அப்பன் பேரு, ஆதார் நம்பரு, எல்லாம் சேத்திப் பாத்துத்தாம்ப்பா போடுவாங்க."

"என்ன கேஸுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. ஸ்டேஷனுக்குப் போயிக் கேட்டேன். ‘உனக்குத் தெரியாத கேஸாடா? நீதான பண்ணுன’னு சிரிக்கறாங்க."

மகள் வினிதா பி.யூ.சி. படிக்கிறவள். வீட்டில் கன்னடம் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தது அவளுக்கும் உமேஷுக்கும்தான். "நெட் சென்டர்ல பாக்கலாம்மா. எஃப்.ஐ.ஆர். எல்லாம் போலீஸ்காரங்களே போட்டு வெச்சிருக்காங்களாம். எங்க காலேஜ்ல ஒருத்தி சொன்னா" என்றாள்.

உமேஷ் வரமாட்டேன் என்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ரங்கம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மகளோடு நடந்தாள்.

நெட் சென்டர் வைத்திருந்த ஹேமந்த் கன்னடக்காரன். யார்டு ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவன். "பேரு போட்டா வராது ஆண்ட்டி. ஸ்டேஷன், வருஷம், அப்புறம் நம்பர். நம்பர் கொத்தா? தெரியுமா?"

"நம்பர் தெரிஞ்சா உங்கிட்ட எதுக்கப்பா வாரேன்?"

"அப்ப ஒண்ணொண்ணாத் தொறந்து பாக்கணும். போன வருஷத்துல ஆரம்பிச்சுப் பின்னால போவோம்."

திறந்தான். பைக் மோதின கேஸ். சங்கிலி அறுத்த கேஸ். பெண்டாட்டியை அடித்தவன். கோழி திருடினவன். வினிதா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேராகப் படித்தாள். ஒரு ஊர் இத்தனை அசிங்கங்களைச் செய்துவிட்டு, அதையெல்லாம் நம்பர் போட்டு அடுக்கியும் வைத்திருக்கிறதே என்று நினைத்தாள் ரங்கம்மா. அவள் கையிலிருந்து இஞ்சி நாற்றம் வரவே ஹேமந்த் ஃபேனைத் திருப்பி வைத்தான்.

"மல்லப்பன் பின் மாதப்பன். இஞ்சி யார்டு லைன்" என்று படித்தாள் வினிதா. கன்னட ரெக்கார்டில் மகனுக்குப் பின் என்றும் பெண்டாட்டிக்குக் கோம் என்றும் எழுதுவார்கள்.

"நம்ம மல்லப்பனா? கோடி வீட்டு மல்லப்பனா? அந்த ஆளு என்ன பண்ணுனான், எறும்பு கடிச்சாலும் எறும்புகிட்ட மன்னிப்புக் கேக்கறவன்?"

"பிராந்தி பாக்கெட் வித்ததா எழுதியிருக்குதும்மா."

ரேஷன் கார்டு விஷயமாகப் பின்னால் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுக் கந்தசாமி எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏ ரங்கா, இது முறைதான புள்ள! நம்ம முறை! என்ற பேரும் இருக்கோணுமே. பாருப்பா ஹேமந்து, கந்தசாமின்னு. போட்டோவும் வருமா?"

முறை. ரங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

யார்டு வாசலில் ஒரு பெட்டிக்கடை. மேஸ்திரி தொட்டையனின் மச்சினன் வைத்திருப்பது. மேலே பீடி, வெற்றிலை, அவித்த முட்டை. கீழே சாக்குக்குள் பிராந்தி பாக்கெட். எப்போதாவது ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்புவார்கள், இந்த மாதத்துக்கு ஒரு கேஸ் குறைகிறது என்று. கடைக்காரனைப் பிடிக்க மாட்டார்கள். அவன் மாமூல் கொடுப்பவன். கேஸுக்கு ஆள் லைனிலிருந்து போகும். ஊரில் ஏரி நிறைந்திருந்த காலத்தில் மதகுத் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பாய்ச்சியவர்கள், இதற்கும் அப்படியே முறை வைத்துக்கொண்டார்கள். சண்டையில்லை, சச்சரவில்லை. முறை வந்த வீட்டிலிருந்து ஒருத்தர் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு போவார். பாக்கெட்டுகளை மேஜைமேல் அடுக்கி, பின்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள். கையெழுத்து வாங்குவார்கள். பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். அன்றைக்கு முழுநாள் கூலி. கூட ஒரு பிரியாணிப் பொட்டலம்.

அதைக் கேஸ் என்று லைனில் ஒருத்தரும் நினைத்ததில்லை. கோயிலுக்கு மாவிளக்கு எடுப்பதுபோல, வந்தால் எடுக்க வேண்டியது என்று நினைத்திருந்தார்கள்.

கந்தசாமி போன் போட்டுச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் யார்டிலிருந்து நாலைந்து பேர் வந்து, சேறு படிந்த காலோடு நெட் சென்டருக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பரீட்சை முடிவு பார்ப்பது மாதிரி. "என்ற பேரைப் பாரு", "எங்கண்ணன்து பாரு" என்று தள்ளுமுள்ளு.

"கந்தசாமி மாமா ரெண்டு தடவ பாஸ் ஆயிருக்காரு!"

"அட, நான் ஓட முயற்சி பண்ணுனேனாம்ல? இந்த மூட்டுவலிய வெச்சுட்டு எங்கடா ஓடுவேன்?"

சிரித்தார்கள். ரங்கம்மா அந்த வாய்களைப் பார்த்தாள். புகையிலைக் கறை படிந்த பற்கள், எச்சில் தெறிக்கிற சிரிப்பு. பேர் வந்ததற்குச் சந்தோஷப்படுகிறார்கள். நாய்க்குக் கழுத்துப்பட்டை மாட்டினால்கூட அது கொஞ்ச நேரம் உதறிப் பார்க்கும்.

"இத யாரு வேணா பாக்கலாமா?" என்று ஹேமந்திடம் கேட்டாள்.

"பப்ளிக் ஆண்ட்டி. ஊருக்கே தொறந்து வெச்சது. உங்க சம்பந்தி பாக்கலாம், லோன் கொடுக்கற பேங்க்காரன் பாக்கலாம்."

"அப்ப நாங்க மட்டுந்தான் இத்தனை நாளாப் பாக்கல."

உமேஷுடையது அதற்கு முந்திய வருஷங்களில் கிடைத்தது. வினிதா சத்தத்தைக் குறைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "‘ஆசாமி போலீஸைக் கண்டதும் பையோடு ஓட முயன்றான். துரத்திப் பிடித்து விசாரித்ததில் உமேஷ் பின் காளிதாஸ் என்று சொன்னான். லைசென்ஸ் இல்லாமல் மது விற்றதை ஒப்புக்கொண்டான்...’"

"தொட்டையன் பைக்குல பின்னால உக்காந்து போனவன் எப்படி ஓடுவான்? ம், மேல படி."

வினிதா படிக்கவில்லை.

"படி புள்ள."

"வேண்டாம்மா."

"படின்னா."

"‘கீழ்க்கண்ட பஞ்சர்கள் முன்னிலையில் பாக்கெட்டுகள் கைப்பற்றப்பட்டன. பஞ்சர் ஒன்று, ரங்கம்மா கோம் காளிதாஸ்.’"

பஞ்சர் என்றால் சாட்சி. அது ரங்கம்மாவுக்குத் தெரியும். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தன், "பெத்தவளே சாட்சின்னா கேஸ் ஸ்ட்ராங்குதான்" என்றான். மறுபடி சிரித்தார்கள்.

அன்றைக்குக் காளிதாஸுக்கு இடுப்புப் பிடித்து எழுந்திருக்க முடியவில்லை. உமேஷுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. நான் போறேன், எனக்கும் வயசாயிருச்சு என்று அவன்தான் முன்னால் வந்தான், பெரிய மனுஷன் மாதிரி. ரங்கம்மாதான் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவிவிட்டாள். "அவிய எது கேட்டாலும் ஹௌதுன்னு சொல்லு. எதுத்துப் பேசாத. ஹௌது, ஹௌதுன்னுட்டு வந்துரு." ஆமாம் என்பதற்குக் கன்னடத்தில் ஹௌது. அந்த ஒரு வார்த்தையைத்தான் மகனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். அவன் போன பிறகு ஸ்டேஷன் ரைட்டர் யார்டு வாசலில் பைக்கை நிறுத்தி, அட்டையில் வைத்த தாளை நீட்டி, "இங்கே ஒத்து" என்றான். கூலிக்கு என்று நினைத்தாள். இஞ்சிச் சேற்றைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கட்டை விரலை அழுத்தினாள். சாயங்காலம் மகன் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து நாலு பேரும் தின்றார்கள். கறித்துண்டு பெரிசாக இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

இப்போது நெட் சென்டர் வாசலில் வந்து குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலாம்.

ஹேமந்த் கோர்ட் பக்கத்தையும் திறந்து பார்த்துச் சொன்னான். கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. சம்மன் போயிருக்கிறது, ஆள் இல்லையென்று திரும்பியிருக்கிறது. உமேஷ் மேல் வாரண்ட். ஆசாமி தலைமறைவு.

"தலைமறைவா? ஸ்டேஷன் டீக்கடையிலதான தெனமும் பஸ்ஸுக்கு நிக்கறான்?"

"நான் எழுதல ஆண்ட்டி."

மறுநாள் வேலை முடிந்ததும் தொட்டையன் வந்தான். பருத்த ஆள், கழுத்தில் மஞ்சள் துண்டு. கன்னடத்தை விட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். பின்னாலேயே கந்தசாமியும் மல்லப்பனும் இன்னும் சிலரும் வந்து குழிக்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

"ரங்கக்கா, மனசு விட்டுறாத. நான் வக்கீல் வெச்சுத் தாரேன். பையன் போயி ஒப்புக்கட்டும். ஃபைன் நான் கட்டறேன். ஒரே நாளுல முடிஞ்சிரும்."

"ஒப்புக்கிட்டா சர்டிபிகேட் தருவாங்களா?"

"அது வராது. ஒப்புக்கிட்டவனுக்கு எப்படித் தருவாங்க? விடு, அந்த மாத்திரை கம்பெனி இல்லேன்னா என்ன, நம்ம யார்டுல மோட்டார் பாத்துக்கட்டும்."

உமேஷ் வாசலில் தலைகுனிந்து நின்றிருந்தான். காளிதாஸ் கட்டிலிலிருந்தபடியே, "நல்லதுங்க மேஸ்திரி" என்றான். அவனுக்கு மேஸ்திரியிடம் வேறு வார்த்தை தெரியாது.

கந்தசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரங்கா, எல்லாரும் கூடிப் பேசுனோம். தப்பா எடுத்துக்கக் கூடாது. உம் பையனுக்கு இப்ப ரெக்கார்டு ஆயிப்போச்சு. ஒண்ணு இருந்தா என்ன, பத்து இருந்தா என்ன. மத்த ஊட்டுலயும் பசங்க படிச்சுட்டு வாராங்க. அவியளுக்கும் நாளைக்கு சர்டிபிகேட்டு கேப்பாங்கல்ல?"

"அதுக்கு?"

"இனிமேலு முறையே வேண்டாம். எல்லா முறைக்கும் உமேசே போகட்டும். ஊட்டுக்கு இவ்வளவுன்னு நாங்க எடுத்துக் கொடுத்தர்றோம். மத்த பசங்க சுத்தமா இருப்பாங்க."

மல்லப்பன் தலையாட்டினான். எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற மல்லப்பன். "ஞாயந்தான அக்கா?" என்றான், மெதுவாக.

ரங்கம்மா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யார் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. ஒரு துணி கறைபட்டுவிட்டால் அதையே அடுப்படித் துணியாக வைத்துக்கொள்ளலாம் என்பது மாதிரிப் பேசினார்கள். கந்தசாமி வீட்டுப் பிரசவத்துக்குச் சோறு பொங்கிப் போட்டவள் அவள். மல்லப்பன் பெண்டாட்டிக்கு டெங்கு வந்தபோது கே.ஆர். ஆஸ்பத்திரியில் ராத்திரிப் பகலாக உட்கார்ந்திருந்தவள்.

"எம் பையன் என்ன, உங்க எல்லாருக்கும் சேத்து வெச்ச கக்கூஸா?" என்றாள். "எந்திரிச்சுப் போங்க. மாமான்னு பாக்கறேன், இல்லேன்னா இந்தக் குழித்தண்ணிய மோந்து மூஞ்சியில ஊத்தியிருப்பேன்."

"அக்கா, வார்த்தையப் பாத்து..."

"நீ பேசாத மேஸ்திரி. உம் மச்சினனுக்குக் கால் இல்லையா, கை இல்லையா? அவன் கடை, அவன் பாக்கெட்டு. அவன் ஒரு முறை போனா என்ன?"

தொட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "நாளையில இருந்து வலைத்தட்டுக்கு வராத. குழி அள்ளணும். அதுக்கு வா."

குழி அள்ளுவதற்கு வெளியிலிருந்து ஆள் வரும். லைனில் யாரையும் இறக்கியதில்லை. ரங்கம்மா இறங்கினாள். வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். வீடு யார்டுக்காரருடையது. இடுப்பு வரை நுரைத்த சேறு. மண்வெட்டியைப் போட்டால் உள்ளேயிருந்து குமிழ் வந்து வெடிக்கும். செத்த எலி, வழுவழுத்த இஞ்சித்தோல், வெள்ளைப் புழு. பகல் வெயில் ஏறினால் தலை கிறுகிறுக்கும். கரையில் நின்று கழுவுகிற பெண்கள் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கையிலுள்ள இஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் வினிதா சாப்பிடும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். ரங்கம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து தின்றாள்.

கோர்ட்டில் பணமில்லாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் வைத்துத் தரும் என்று ஹேமந்த் சொன்னான். அப்படிக் கிடைத்தவள் சைத்ரா. மைசூர் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். தமிழை விடக் கன்னடம்தான் வேகமாக வந்தது. ஸ்கூட்டரில் வைத்தபடியே பைலைப் புரட்டினாள்.

"எஃப்.ஐ.ஆர். அப்டீன்னா போலீஸ் சொன்ன கதை, அஷ்டே. அவ்வளவுதான். அரெஸ்ட்னா புடிச்சாங்கன்னு அர்த்தம். செஞ்சான்னு அர்த்தம் இல்ல. செஞ்சானா இல்லையான்னு கோர்ட் இன்னும் ஒண்ணுமே சொல்லல. யாரும் வந்து கேக்கலயே. கதை பாதியில நிக்குது. நெட்ல பாக்கறவங்க அந்தப் பாதியத்தான் முழுசுன்னு நெனைப்பாங்க."

"எம் பேரு இருக்குதேங்க அதுல."

சைத்ரா தாளை மறுபடி பார்த்தாள். கோம் காளிதாஸ், பின் காளிதாஸ். முகத்தைச் சுளித்தாள். "தூ. இதைப் படிச்சுக்கூடப் பாக்காம அனுப்பியிருக்கான். அம்மா, மகனுக்கு எதிரா! இன்னொரு சாட்சி?"

"லாரி கிளீனருங்க. எந்த ஊருன்னே தெரியாது."

"அப்ப நீங்கதான் அவங்களோட சாட்சி. நீங்க ‘நான் பாக்கல, என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாம ஒத்துனேன்’னு சொன்னாப் போதும். கேஸ் நிக்காது."

"அவ்வளவுதானா?"

"அஷ்டே. வேற எதுவும் பேச வேண்டாம்."

கம்பெனியில் யுகாதி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்கள். உமேஷ் கோர்ட்டில் போய் நின்று வாரண்டை ரத்துப் பண்ணிக்கொண்டான். குற்றத்தை வாசித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை அசைக்கவில்லை. ஒருதரம் சொல்லிக் கொடுத்தது போதும் என்று நின்றாள். "இல்லே" என்றான். சத்தம் சரியாக வராமல் இரண்டாம் தரம் சொன்னான். சைத்ரா கெஞ்சிக் கூத்தாடி யுகாதிக்கு முன்னால் சாட்சி விசாரணைக்குத் தேதி வாங்கினாள்.

அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் நிற்க இடமில்லை. கக்கூஸ் கதவு உடைந்து, பினாயிலும் மூத்திரமும் கலந்த காற்று. சுவரெல்லாம் வெற்றிலைச் சாறு. ரங்கம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். குழி அவள் நகக்கண்ணில் இருந்தது.

தொட்டையன் டீ டம்ளரோடு வந்தான். "வக்கீலம்மா சொன்னாளா, தெரியாதுன்னு சொல்லச் சொல்லி? நல்லது. நானும் அதான் சொல்றேன். தெரியாதுன்னுட்டு எறங்கிரு. பையன் தப்பிச்சுக்குவான். எனக்கும் சந்தோசம்."

ரங்கம்மா நகக்கண்ணைச் சுரண்டினாள்.

"யார் பாக்கெட்டு, யார் கடைன்னு இழுக்காத. அது உனக்கு எதுக்கு? திங்கக்கிழம வலைத்தட்டுக்கே வந்துரு. பழச மறந்தரலாம்." டீயை உறிஞ்சினான். "முறை நிக்காதக்கா. அது பாட்டுக்கு நடக்கும். உங்க ஊட்டுக்கு வாரப்ப உமேசு வேண்டாம், கம்பெனிக்காரன். வினிதாவுக்கு இந்த வருசத்தோட பதினெட்டுத்தான? பொம்பளப்புள்ளைன்னா ஸ்டேசன்ல சீக்கிரம் உட்டுருவாங்க. இன்ஸ்பெக்டரும் புதுசு. நல்ல மாதிரி."

நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அவன் மீசையில் டீ ஆடை ஒட்டியிருந்தது. ரங்கம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவாலி சத்தமாகக் கூப்பிட்டான். "ரங்கம்மா கோம் காளிதாஸ்!"

கூண்டில் ஏறினாள். அரசுத் தரப்பு வக்கீல் தலையைத் தூக்காமலே கன்னடத்தில் கேட்டார். இந்த ஆசாமியைத் தெரியுமா?

"எம் மகன்."

வக்கீல் தலையைத் தூக்கினார். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

பாக்கெட்டுகளைப் பிடித்தபோது நீ அங்கே இருந்தாயா?

சைத்ரா மேஜையருகிலிருந்து இல்லையென்று சொல் என்பது போலப் பார்த்தாள். கதவோரம் தொட்டையன். அவனுக்குப் பின்னால் கந்தசாமி, தலையில் கட்டின துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி.

"இருந்தேன்" என்றாள் ரங்கம்மா. அவளுடைய கன்னடம் யார்டுக் கன்னடம். மரியாதை குறைச்சலானது, ஆனால் எல்லாருக்கும் புரியும். "யார்டு வாசல்ல. பாக்கெட்டெல்லாம் பாத்தேன். மேஸ்திரி தொட்டையனோட மச்சினன் கடையில, சாக்குக்குள்ள. எம் மகன் கையில ஒண்ணும் இல்ல. அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, முறைக்கு அனுப்புனது நான். எங்க லைன்ல வீட்டுக்கு ஒருத்தர் முறை வெச்சுப் போறோம். மேஸ்திரி ஆள் அனுப்புவான், போலீஸ் போட்டோ எடுக்கும். அந்தா நிக்கறானே, மஞ்சத் துண்டு, அவன்தான் தொட்டையன்."

வக்கீல் குறுக்கே ஏதோ சொன்னார். இது கேட்காத கேள்விக்குப் பதில் என்றார். சாட்சி மாறிவிட்டது என்றார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, சொன்னதைச் சொன்னபடி அடி என்று டைப் அடிக்கிறவனிடம் சொன்னார். கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. ரங்கம்மா கதவுப்பக்கம் பார்த்தாள். மஞ்சள் துண்டு வராந்தாக் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கந்தசாமி அங்கேயே நின்றார். அவர் முகத்தில் கோபமா பயமா என்று தெரியவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. நாளைக்கு லைனில் தண்ணீர்க் குழாயை அடைப்பார்கள். அடுத்த மாதம் வீடு இருக்காது. அதெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. எழுத்தர் அதைக் கூண்டு விளிம்பில் வைத்து, மைப்பெட்டியைத் திறந்து பக்கத்தில் தள்ளினான். அடுத்த கேஸ் கட்டை எடுத்தபடியே, "இங்கே ஒத்து" என்றான்.

ரங்கம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல அதப் படிச்சுக் காட்டு" என்றாள். "அப்புறம் ஒத்தறேன்."